பழ ஜெல்லிக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், கடன் வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது பழ ஜெல்லி பற்றி. பெயரைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறீர்கள். "ஏம்மா, சாமைக் கஞ்சி குடிக்கிற எங்களுக்கு ஜெல்லி எதுக்கு?" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்பதும் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இதை நாங்களாகக் கொண்டுவரவில்லை. ஒரு குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இருந்து வந்த விஷயம் இது. வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த உறுப்பினர்கள் அங்கே பழத்தை ஜெலட்டினில் போட்டு, அச்சில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, அழகாகக் கவிழ்த்துக் காட்டியதைப் பார்த்திருக்கிறார்கள். ஜமுனாமரத்தூர் கோடை விழாவில் கடை போட்டு விற்கலாம் என்று ஆசை வந்திருக்கிறது. அதற்காக ஃபிரிட்ஜ் வாங்கச் சங்கக் கடன் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆசை நல்ல ஆசைதான். நம் மலையில் பழத்துக்குப் பஞ்சமில்லை. பலா சீசனில் ஒரே நேரத்தில் பழுத்துக் கிடக்கும். சீத்தாப்பழம் கூடை கூடையாகக் கீழே போளூர்ப் பக்கமும் ஆலங்காயம் பக்கமும் போகும். கொய்யா, மா, நாவல், நெல்லி எல்லாம் உண்டு. வியாபாரி சொல்வதே விலை. அடிபட்ட பழத்துக்கு விலையே இல்லை. அதை நாமே ஒரு பண்டமாக்கி விற்றால் என்ன என்ற எண்ணம் வரத்தான் வேண்டும்.

ஆனால் கடன் வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெல்லி எதனால் உறைகிறது? அதை வீட்டில் எப்படிச் செய்வது? விற்றால் கையில் என்ன நிற்கும்? இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஜெலட்டின் என்பது என்ன?

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்ற விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கிற பொருள். ஆட்டுக்கால் சூப் ஆறியபின் கொழகொழவென்று கட்டுகிறதே, அதே சங்கதிதான். அதைத் தூளாக்கி, இனிப்பும் நிறமும் வாசனையும் சேர்த்து அமெரிக்காவில் 1897ல் ஜெல்-ஓ என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு குளிர்பெட்டி வந்த பிறகு, பழத்தையும் காய்கறியையும் அதில் போட்டு அச்சில் உறைய வைத்து 'சாலட்' என்று விருந்தில் வைப்பது அங்கே பெரிய பழக்கமாகிவிட்டது.

நமக்கு அதில் மூன்று சிக்கல் உண்டு.

முதலாவது, சூடு. ஜெலட்டின் உறைய நல்ல குளிர்ச்சி வேண்டும். உறைந்த பிறகும் 30 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும், 35ல் தண்ணீராகிவிடும். மலையில் ராத்திரி குளிர் இருக்கலாம். சித்திரை, வைகாசிப் பகல் வெயிலில் கடைப் பந்தலுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஃபிரிட்ஜ் இருந்தாலும் கரண்ட் போனால் சரக்கு போச்சு.

இரண்டாவது, பழம். பச்சை அன்னாசி, பப்பாளி, அத்தி இவற்றில் இறைச்சியை மெதுவாக்கும் ஒரு சத்து இருக்கிறது. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோம் இல்லையா, அதேதான். ஜெலட்டினும் இறைச்சிப் புரதம் என்பதால் அது ஜெலட்டினையும் கரைத்துவிடும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் உறையாது. பழத்தை வேகவைத்துப் போட்டால்தான் உறையும்.

மூன்றாவது, நம்பிக்கை. விழாவுக்கு வருகிறவர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள், விரதம் இருப்பவர்கள் இருப்பார்கள், ஹலால் பார்க்கிற இஸ்லாமியக் குடும்பங்கள் இருக்கும். பழம்தானே என்று நம்பி வாங்குவார்கள். எதில் செய்தது என்று சொல்லாமல் விற்பது தப்பு. ஆகவே எந்த ஜெல்லித் தூள் வாங்கினாலும் பாக்கெட்டில் பச்சை வட்டமா, பழுப்பு நிற முக்கோணமா என்று பார்த்து வாங்க வேண்டும். பச்சை என்றால் சைவம், பழுப்பு என்றால் அசைவம்.

நமக்கு ஏற்றது கடல்பாசி

இந்த மூன்று சிக்கலும் இல்லாத ஒரு பொருள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் கடல்பாசி. கடையில் 'சைனா கிராஸ்' என்றும் 'அகர் அகர்' என்றும் சொல்வார்கள். வெள்ளை நூல்கண்டு மாதிரி இழையாகவும் கிடைக்கும், தூளாகவும் கிடைக்கும். கடற்கரை ஊர்களில் இஸ்லாமியச் சகோதரிகள் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பாலிலும் இளநீரிலும் இதைப் போட்டு உறைய வைத்துத் துண்டு போட்டு வைப்பார்கள். (பாதாம் பிசின் வேறு, சுருள்பாசி மாத்திரை வேறு. கடையில் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள், கவனம்.)

இது ஒருவகைச் சிவப்புக் கடல்தாவரத்தில் இருந்து எடுப்பது. தண்ணீரில் கொதிக்க வைத்தால் கரையும். 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் தானே உறையும். மறுபடி இளக வேண்டுமானால் 85 டிகிரி வரை சூடாக வேண்டும். அதாவது நம் மலை வெயிலுக்கு இது அசையாது. ஃபிரிட்ஜே தேவையில்லை. அன்னாசி, பப்பாளி போட்டாலும் உறையும், ஏனென்றால் இது புரதம் இல்லை, நார்ச்சத்து.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1881ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆய்வகத்தில் நோய்க்கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்துப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஜெலட்டின் மேல் வளர்த்தார்கள். வெயில் காலம் வந்தால் ஜெலட்டின் இளகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று கரைத்தும் விடும். வேலை எல்லாம் வீண். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்பவர் தன் மனைவி ஃபேனியிடம், "நீ செய்கிற ஜெல்லி மட்டும் வெயிலில் எப்படிக் கெட்டியாகவே இருக்கிறது?" என்று கேட்டார். "நான் போடுவது அகர்" என்று அவர் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவந்த ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சிறுவயதில் கற்றுக்கொண்ட அடுப்படிப் பாடம் அது. அன்றில் இருந்து இன்று வரை உலகம் முழுக்க ஆய்வகங்களில் கிருமியை வளர்ப்பது அகர் மேல்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரைக் 'கல்ச்சர்' பரிசோதனைக்குக் கொடுக்கிறோமே, அதுவும் இப்படித்தான். 1882ல் காசநோய்க் கிருமி பற்றிக் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகர் பற்றி எழுதினார். அந்தப் பெண்ணின் பெயரைப் போடவில்லை. அடுப்படியில் நமக்குத் தெரிந்தது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு சொந்தமும் இதில் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம் பக்கம் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி இந்தப் பாசியைக் கையால் பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அவர்கள் சொல்வதில் இருந்துதான் அகர் எடுக்கிறார்கள். பாறை கிழித்துவிடாமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். வனத்துறைக் கட்டுப்பாட்டினால் பிழைப்புக்கு ஆபத்து வந்தபோது அவர்களும் நம்மைப் போலவே ஒரு கூட்டமைப்பு ஆனார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். அந்தக் கூட்டமைப்பை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி என்ற அமைப்பு விருது கொடுத்தது. காட்டில் நெல்லியும் தேனும் எடுக்கிற நமக்கு, கிளையை ஒடிக்காமல் எடு, அடுத்த வருஷத்துக்கும் விட்டுவை என்ற பேச்சு புதிதில்லை. கடலிலும் அதே பேச்சுதான்.

செய்முறை

இப்போது அடுப்படிக்கு வருவோம். இது சுமார் 12 சிறு கப் அளவுக்கு.

தேவையான பொருட்கள்:
கடல்பாசி இழை – 10 கிராம்
தண்ணீர் – முக்கால் லிட்டர்
சர்க்கரை – 150 கிராம்
எலுமிச்சம்பழம் – 1
பொடியாக நறுக்கிய பழம் – 400 கிராம்
உப்பு – ஒரு சிட்டிகை

1. கடல்பாசியைக் கத்தரியால் சின்னதாக வெட்டி, அந்த முக்கால் லிட்டர் தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

2. பழங்களைச் சுத்தமாகக் கழுவி, கொட்டை நீக்கி, பட்டாணி அளவுக்கு நறுக்கி வையுங்கள். ஈ மொய்க்காமல் மூடுங்கள். வாழைப்பழம் கறுக்காமல் இருக்க இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தெளிக்கலாம்.

3. ஊறிய பாசியைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் 10 நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். ஒரு இழைகூடக் கண்ணுக்குத் தெரியக்கூடாது. கரையாமல் இறக்கினால் உறையாது. "சரியா வரலை"ன்னு சொல்றவங்க பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுறாங்க.

4. சர்க்கரையும் உப்பும் போட்டுக் கரைந்ததும் வடிகட்டுங்கள். சர்க்கரைக்குப் பதில் வெல்லமும் போடலாம். நிறம் கலங்கலாக இருக்கும், ருசிக்குக் குறையில்லை.

5. அடுப்பில் இருந்து இறக்கிய பிறகுதான் எலுமிச்சைச் சாறு. புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் பாசியின் உறையும் பலம் குறைந்துவிடும். நெல்லிக்காய்த் துருவல் போடுவதானாலும் இதே விதிதான்.

6. எவர்சில்வர் கிண்ணம், டம்ளர் எது இருக்கிறதோ அதுதான் அச்சு. உள்ளே தண்ணீரால் நனைத்துக் கொள்ளுங்கள். பாசித் தண்ணீரை அரை விரல் உயரம் ஊற்றி, மேல்பக்கம் லேசாக ஏடு கட்டியதும் பழத்தை அழகாக அடுக்கி, மீதியை வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றுங்கள். மீதி பாத்திரத்திலேயே கட்டிவிட்டால் கவலை வேண்டாம். திரும்பச் சூடாக்கினால் இளகும்.

7. ஒரு தாம்பாளத்தில் குளிர்ந்த தண்ணீர் விட்டு அச்சுகளை அதில் நிறுத்தி, மூடி வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் உறைந்துவிடும். ஓரத்தில் கத்தியை ஒரு சுற்று விட்டு, தட்டை மேலே வைத்துக் கவிழ்த்தால் முழுசாக வந்து நிற்கும்.

நம் மலைப் பழங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலாச்சுளைதான் இதற்கு முதல் தரம். கொய்யாவில் நடுவில் இருக்கும் விதைப்பகுதியை எடுத்துவிட வேண்டும். நாவல்பழச் சாறு இரண்டு கரண்டி விட்டால் நல்ல ஊதா நிறம் வரும், வேறு சாயமே வேண்டாம். சீத்தாப்பழம் மட்டும் நுணுக்கமானது. அதன் சதை சூடு பட்டால் கசந்துவிடும். பாசித் தண்ணீர் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். விதை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. பேன் மருந்துக்கு அரைக்கிற விதை அது. கண்ணில் பட்டாலே ஆபத்து என்பது நமக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது

கடல்பாசியில் பெரிய சத்து எதுவும் இல்லை. நார் மட்டும்தான். சத்தெல்லாம் பழத்தில். ஆகவே பழம் குறைவு, பாசி அதிகம் என்று செய்தால் நாம் பிள்ளையை ஏமாற்றுகிறோம் என்று பொருள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் என்று சொல்லியிருக்கிறது. கொய்யாவிலும் நெல்லியிலும் உள்ள வைட்டமின் சி, கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். நம் கூட்டங்களில் ரத்தசோகை பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்! ஆனால் ஒன்று. பழத்தை அப்படியே கடித்துத் தின்கிற பிள்ளைக்கு ஜெல்லி தேவையே இல்லை. தொடாத பிள்ளைக்கு, பள்ளி விழாவுக்கு, விருந்தாளி வருகிற நாளுக்குத்தான் இது.

பெட்டிக்கடையில் விற்கிற சின்ன பிளாஸ்டிக் கிண்ண ஜெல்லியைப் பிள்ளைகள் வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பார்க்கிறோம். அது வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். வெளிநாடுகளில் இப்படிக் குழந்தைகள் இறந்ததால், கொன்ஜாக் என்ற கிழங்கு மாவில் செய்த கிண்ண ஜெல்லிகளைப் பற்றி அமெரிக்காவில் 2001ல் எச்சரிக்கை விடுத்து இறக்குமதியைத் தடுத்தார்கள். நாம் செய்வதையும் சின்னத் துண்டாக வெட்டி, உட்காரவைத்து, கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே தின்ன விடக்கூடாது.

நிறத்திலும் கவனம் வேண்டும். பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடுகிற ரோடமின் பி என்ற சாயம் இருந்தது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கும். பளீர் நிறம் இருந்தால்தான் விற்கும் என்று யாராவது சாயப் பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள்.

விற்றால் என்ன நிற்கும்?

இனி கணக்கு. இதில் உள்ள விலைகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடல்பாசி – ரூ.60
சர்க்கரை – ரூ.7
எலுமிச்சை – ரூ.5
பழம் – ரூ.20
எரிபொருள் – ரூ.10
கப் 12 – ரூ.24
ஒரு மணி நேரக் கூலி – ரூ.60
மொத்தம் – ரூ.186

"பழம் நம்ம மரத்துது, கூலி எதுக்கு அக்கா, நாமதானே செய்யறோம்" என்று சொல்லக்கூடாது. மரத்தில் இருக்கிற பழத்துக்கும் சந்தையில் விலை உண்டு. நம் ஒரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. அதைக் கணக்கில் எழுதாததால்தான் நம் உழைப்பு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கப் 20 ரூபாய் என்று 12 கப்பும் விற்றால் 240 ரூபாய். லாபம் 54. மூன்று கப் மிஞ்சிவிட்டால்? ஒன்பது கப்புக்கு 180 ரூபாய்தான். ஆறு ரூபாய் நஷ்டம். மிஞ்சியதை நாளைக்கு விற்க முடியாது. கடல்பாசி வெயிலில் இளகாது என்று சொன்னோம், கெடாது என்று சொல்லவில்லை. உள்ளே இருப்பது நறுக்கிய பழம். காலையில் செய்தது மதியத்துக்குள் தீர வேண்டும். நேரம் ஆக ஆகத் தண்ணீர் விட ஆரம்பிக்கும், புளிக்கும். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விற்கக்கூடாது.

இப்போது யோசியுங்கள். மூன்று கப் மிஞ்சினாலே நஷ்டமாகிற ஒரு பண்டத்துக்கு, வருஷத்தில் சில நாள் நடக்கிற விழாவை நம்பி, ஃபிரிட்ஜ் கடன் கட்ட முடியுமா? விழா முடிந்த பிறகும் மாதத் தவணை வரும். தவணை தவறினால் குழு முழுவதற்கும் கெட்ட பெயர். அடுத்து விதைச் சாமைக்கும் பிள்ளை படிப்புக்கும் கடன் கேட்க வருகிற உறுப்பினருக்குக் கை வறண்டுவிடும். கடன் கேட்ட குழுவைக் குறை சொல்ல இதைப் பேசவில்லை. கேட்டதால்தான் நாம் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். அதுதான் கூட்டமைப்பின் வேலை.

எங்கள் யோசனை இவ்வளவுதான். ஃபிரிட்ஜ் கடன் வேண்டாம். விற்க விரும்பும் குழு, சேமிப்பில் ஒரு சின்னத் தொகை எடுத்து இரண்டு பாக்கெட் கடல்பாசி வாங்கட்டும். முதலில் வீட்டில் செய்து பழகட்டும். பிறகு பள்ளி ஆண்டு விழா, காதுகுத்து, கூட்டம் என்று எண்ணிக்கை சொல்லி ஆர்டர் வாங்கிக்கொண்டு செய்யட்டும். ஆர்டர் இருந்தால் மிஞ்சாது, மிஞ்சாவிட்டால் நஷ்டமில்லை. விழாவில் கடை போடுவதானால் காலை ஒரு அச்சு, தீர்ந்தால் அடுத்த அச்சு. முக்கால் மணியில் உறைகிற பண்டம்தானே! விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு நாங்கள் கூட இருந்து உதவுகிறோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் மூன்று விஷயத்தைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்:

1. நம் ஊரில் எந்த மாதம் எந்தப் பழம் வீணாகிறது?
2. கூலியும் பழ விலையும் சேர்த்து ஒரு கப்புக்கு நம் ஊரில் அடக்க விலை என்ன?
3. முன்கூட்டி ஆர்டர் தரக்கூடியவர் யார் யார்?

இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற குழு தாராளமாக ஆரம்பிக்கலாம். பதில் இல்லாத குழு, வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுங்கள். அதுவும் வீண் போகாது.

கூட்டம் முடிந்ததும் பின்கட்டில் அடுப்பு மூட்டிச் செய்து காட்டப் போகிறோம். பலாச்சுளை கொண்டுவந்த குழுவுக்கு நன்றி. யாரும் சாப்பிடாமல் வேன் ஏறக்கூடாது.